தள்ளிக்கொண்டு போகிற சைக்கிளுக்குப் பாகம் செய்தவன்

1. லேத்தில் ஒரு பல்சக்கரம்

எஸ்டேட்டை நிர்வாகம் செய்கிற துரை ஃபேக்டரிக்குள் வந்தபோது லேத்தில் ஒரு சைக்கிள் பல்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தேயிலை ஃபேக்டரியில் சக்கரத்துக்குப் பஞ்சமில்லை. ரோலருக்கு உண்டு, டிரையருக்கு உண்டு, சலிக்கும் மெஷினுக்கும் உண்டு. ஆனால் சைக்கிள் சங்கிலி மாட்டுகிற சக்கரம் எந்த மெஷினிலும் இல்லை என்பது துரைக்குத் தெரியும்.

"மாணிக்கம், இது எந்த மெஷினோடது?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

"சைக்கிளோடதுங்க துரை."

"யார் சைக்கிள்?"

"டிரெஸரோடதுங்க."

டிரெஸர் என்றால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். எஸ்டேட்டின் ஐந்து டிவிஷனுக்கும் அவர் ஒருவர்தான். மேட்டில் சைக்கிளை மிதிக்க முடியவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

"டிரெஸர் சைக்கிளுக்கு எஸ்டேட் லேத்தா? நல்லா இருக்கு லா. ஒண்ணு செய். இங்க ஃபிட்டரா இரு. இல்லாட்டி வெளிய போயி சைக்கிள் கடை வை."

துரை என்னைத் திட்டினார். நான் அதை யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பதினோரு வருடம் அந்த ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த எனக்கு என் கை மேல் பெரிய நம்பிக்கை. மலேசியாவில் எங்கள் கேமரன் மலையில் அன்று சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஈப்போவிலோ தாப்பாவிலோ வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். சமதரைக்குச் செய்த சைக்கிள் மலையில் எப்படி ஓடும்? மலைக்கென்று பல்சக்கரம், மலைக்கென்று பிரேக் செய்து கொடுத்தால் எல்லாரும் என்னிடம் வரிசையில் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் அஞ்சலையிடம் சொன்னேன். அஞ்சலை என் மனைவி. கொழுந்தெடுக்கிற வேலை. எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு அவள் வேலையின் பேரிலும் இருந்ததால், நான் வேலையை விட்டாலும் தலைக்கு மேல் கூரை இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"இந்த மலையில சைக்கிள்ல ஏறிப் போறவங்கள நான் அதிகமா பாத்ததே இல்லைங்க. எல்லாரும் தள்ளிக்கிட்டுதான் போறாங்க."

"அதுக்குத்தானே பாகம் செய்யப் போறேன்" என்றேன்.

அவள் சொன்னதில் ஒரு வியாபாரமே இருந்தது. அது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

2. டிரெஸர் ஏறிய மேடு

ரிங்லெட் டவுனில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று கிடைத்தது. லேத் கிடையாது. ஒரு பெஞ்சு வைஸ், கையால் சுற்றுகிற டிரில், அரங்கள், ஹேக்சா, பழைய கேஸ் வெல்டிங் செட். போர்டு எழுத மட்டும் நல்ல பெயின்ட் வாங்கினேன்: 'மலை சைக்கிள் பாகங்கள் செய்து தரப்படும்.'

முதல் வேலை டிரெஸருடைய பல்சக்கரம். முன்பக்கச் சக்கரத்தைச் சின்னதாக்கினால் மிதிக்க லேசாக இருக்கும் என்பது கணக்கு. கடையில் வாங்கிய சைக்கிளில் நாற்பத்தாறு பல் இருந்தது. நான் இரும்புத் தகட்டில் இருபத்து நான்கு பல் வெட்டினேன். ஒவ்வொரு பல்லும் ஹேக்சாவும் அரமுமாகக் கையாலேயே செய்தது. பின்பக்கம் இருபத்திரண்டு பல். ஒன்பது நாள் வேலை. சங்கிலியை மாட்டிச் சுற்றியபோது அது ஒரு இடத்திலும் ஏறி நழுவவில்லை. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றிருப்பேன்.

டிரெஸர் ஃபேக்டரி மேட்டில் ஏறினார். உண்மையாகவே ஏறினார். மூச்சு வாங்கவில்லை, இறங்கித் தள்ளவில்லை. ஆனால் நான் இரண்டாவது கணக்கைப் போடவில்லை. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் டயரும் ஏறக்குறைய ஒரு சுற்றுதான் சுற்றும். அவருடைய கால்கள் தையல் மெஷின் மாதிரி ஓடின, சைக்கிள் நடந்தது. கொழுந்தை எடைபோடப் போன பெண்கள் பின்னால் வந்து, அவரோடு சேர்ந்து, பிறகு அவரைத் தாண்டியும் போனார்கள். அதில் ஒருத்தி திரும்பிப் பார்த்து,

"டிரெஸரய்யா, அவசரம்னா எறங்கி எங்களோட வாங்க" என்றாள்.

மேடு முழுக்கச் சிரிப்பு. ஒரு வாரம் கழித்து டிரெஸர் பல்சக்கரத்தைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்து வந்தார்.

"சக்கரத்துல ஒரு கொறையும் இல்ல மாணிக்கம். ஆனா நோயாளி வீட்டுக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவனுக்குச் சொகமாயிடுது."

3. நின்ற பிரேக்

ஏறுவது தோற்றதும் இறங்குவதைப் பிடித்துக்கொண்டேன். இறங்குவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்து சைக்கிளில் கம்பி பிரேக். ரப்பர் கட்டை ரிம்மை உரசும். மலை இறக்கத்தில் மழை பெய்தால் அது பிரேக் இல்லை, வெறும் சத்தம்தான்.

லோரி பிரேக்கில் ரிவெட் அடித்திருக்கும் லைனிங் தெரியும் அல்லவா? பழைய லோரியிலிருந்து அதை எடுத்து, சின்னத் துண்டுகளாக வெட்டி, ரப்பருக்குப் பதில் பொருத்தினேன். இழுவை போதாது என்று முன் பிரேக்கின் லீவரை நீளமாக்கி இரண்டு மடங்கு பலம் வருகிற மாதிரி செய்தேன். ரிங்லெட் பஜார் தெருவில், வெயிலில், காலி சைக்கிளில் ஏறி நானே ஓட்டிப் பார்த்தேன். பிடித்தவுடன் நின்றது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வாங்கியவர் ரொட்டிக்காரர் பெருமாள் அண்ணன். சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய தகரப் பெட்டி. அது நிறைய ரொட்டி, தேங்காய் பன். விடிந்ததும் பேக்கரியில் ஏற்றிக்கொண்டு, லைன் லைனாகப் போய், கொழுந்தெடுக்கிற வேலைக்காடு வரைக்கும் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். எல்லா வீட்டுப் பிள்ளைகளின் பேரும் அவருக்குத் தெரியும்.

பிரேக் போட்ட நான்காம் நாள் காலை, பனி இறங்கி ரோடெல்லாம் ஈரம். எங்கள் ஃபேக்டரிக்கு மேலே உள்ள வளைவில் அவர் பிரேக்கைப் பிடித்தார். லைனிங் நனைந்திருந்தது. வழுக்கியது. அவர் பலம் கொண்ட மட்டும் அழுத்தினார். உரசிய சூட்டில் லைனிங் காய்ந்ததும் ஒரே பிடியாகப் பிடித்துவிட்டது. முன் சக்கரம் நின்றது. பெட்டியின் கனத்தோடு பின் சக்கரம் மேலே வந்தது. பெருமாள் அண்ணன் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுந்தார். பன்னெல்லாம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்தனவாம்.

தகவல் வந்து நான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு கட்டிப் போட்டிருந்தார்கள். நெற்றியில் ஏழு தையல். அந்த வளைவில் இன்னும் இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் பள்ளம். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

அவர்தான் பேசினார்.

"நிக்குதுப்பா ஒன் பிரேக்கு. நல்லாவே நிக்குது. நான்தான் நிக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி, "அதெல்லாம் கெடக்கட்டும். நாளைக்கு ரொட்டிய யாரு கொண்டு போறது? ஒரு வாரம் போகலன்னா பேக்கரிக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துருவான். அப்புறம் எலும்பு கூடி என்ன, கூடாட்டி என்ன?" என்றார்.

"நான் போறேண்ணே."

"நீயா? அந்தப் பிரேக்கோடவா?"

4. ரொட்டி லைன்

அன்றைக்கே லைனிங்கைக் கழற்றி எறிந்தேன். பழைய ரப்பர் கட்டையையும் பழைய லீவரையும் திரும்பப் போட்டேன். மறுநாள் விடிந்ததும் பெருமாள் அண்ணனின் பெட்டியோடு கிளம்பினேன். பத்து வாரம் அந்த லைனை ஓட்டினேன். ஓட்டினேன் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். தள்ளினேன்.

ஏற்றத்தில் தள்ளினேன், கனம். இறக்கத்தில் பிடித்துக்கொண்டே நடந்தேன், பயம். முதல் டிவிஷனில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கொஞ்சம் சமதரை உண்டு. ஒரு நாளைக்கு அந்த இடத்தில் மட்டும்தான் சீட்டில் உட்கார்ந்தேன். அதையும் உட்காராமல் விட்டிருந்தால் ஏறி இறங்குகிற நேரம் மிச்சமாகியிருக்கும்.

தள்ளுவதுகூடப் பெரிய கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். சைக்கிள் ஸ்டாண்டின் இரண்டு காலும் ஒரே உயரம். மலையில் ஒரே உயரமான தரை எங்கே இருக்கிறது? முதல் நாளே மூன்று தரம் சைக்கிள் சாய்ந்தது. ஒரு தரம் பெட்டி திறந்து பன்கள் சாக்கடைக்குள் போயின. பெருமாள் அண்ணன் இத்தனை வருடமாக இடுப்பைச் சாய்த்துப் பெட்டியைத் தாங்கிக்கொண்டே ஒரு கையால் ரொட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் இடுப்புக்குத் தெரிந்தது என் இடுப்புக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்ற பெண்களே ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

மேல் லைனில் ஒரு அம்மா அலுத்துப்போய்ச் சொன்னது:

"ஒரு பன்னு வாங்கறதுக்கு ரெண்டு பேரு சைக்கிளத் தாங்கணுமா? மொதல்ல இத நிக்க வைக்கறதுக்கு ஏதாச்சும் செய்யுங்கண்ணே. நீங்க என்னமோ பாகமெல்லாம் செய்வீங்களாமே."

அன்று மத்தியானம் வெறும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது ரோட்டில் வந்த சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் இரண்டு கூடை முட்டைக்கோஸ். ஒன்றில் அரிசி மூட்டை. ஒன்றில் கேஸ் சிலிண்டர். ஒருவரும் சீட்டில் இல்லை. ஒருவரும் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. இரண்டு சக்கரமுள்ள தள்ளுவண்டிக்குத்தான் நான் இத்தனை நாள் பல்சக்கரம் வெட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன்: "இங்க யாருமே சைக்கிள ஓட்டறதில்ல, தெரியுமா?"

அவள் "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள்.

5. ஸ்டாண்டு

பைப்புக்குள் பைப். வெளிப் பைப்பில் ஒரு ஓட்டை, உள் பைப்பில் வரிசையாக ஓட்டைகள், குறுக்கே ஒரு பின். தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப ஒவ்வொரு காலையும் தனித்தனியாக நீட்டலாம், குறைக்கலாம். அடியில் மண்ணில் புதையாமல் இருக்க ஒரு சின்னத் தகடு. இதில் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. பத்து வாரம் ரொட்டி விற்ற எவனும் செய்திருப்பான்.

பெருமாள் அண்ணன் கட்டுப் பிரித்த கையோடு கொட்டகைக்கு வந்தார். ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தொடவில்லை.

"இதுல ஏறி உக்காரணுமா?"

"வேணாண்ணே."

"எதையாச்சும் புடிச்சி அழுத்தணுமா?"

"வேணாண்ணே. நிக்க வச்சிட்டு நீங்க தள்ளி நின்னுக்கலாம்."

"தள்ளி நிக்கலாமா? அப்ப சரி, மாட்டு."

அவர் சைக்கிள் போன லைனிலெல்லாம் ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், ஒருவர் நேரில் வந்தார். எஸ்டேட் பக்கத்தில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். கூடை ஏற்றும்போது சைக்கிள் சாய்ந்து முள்ளங்கியெல்லாம் உடைகிறது என்றார். நாற்பது ஸ்டாண்டு வேண்டும் என்றார்.

நாற்பதா! வேகமாகச் செய்ய வேண்டும் என்று துத்தநாகம் பூசிய தண்ணீர்ப் பைப்பை வாங்கி, பூச்சை உரசி எடுக்காமலேயே வெல்டிங் வைத்தேன். வெள்ளையாகப் புகை வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மலேரியா என்று பயந்து அஞ்சலை என்னை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டிரெஸர் என் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"வெள்ளப் பைப்பு புகைய இழுத்தியா? ஒன் சக்கரத்துல ஏறி எனக்குக் காலு போச்சி. இப்ப ஒனக்கு மூச்சே போயிருக்கும். கதவத் தெறந்து வச்சி வேல செய்ய மாட்டியா? பூச்ச உரசிட்டுச் சூடு வைக்கணும்னு ஃபிட்டருக்கு நான் சொல்லணுமா?"

அதுவும் உண்மைதான். உரசாமல் வைத்த வெல்டிங் உள்ளே பொரிந்துபோய் இருந்தது. கொடுத்த நாற்பதில் பதினொன்று உடைந்து திரும்பி வந்தன. எல்லாவற்றையும் அறுத்துத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். தவுக்கே ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பாகுஸ் லா, பாகுஸ்" என்று மலாயில் பாராட்டித் தட்டிக் கொடுத்தார். இரண்டாவது ஆர்டர் நூறு வரும் என்று நான் பைப்பை வாங்கி அடுக்கி வைத்தேன்.

6. எதற்கென்று தெரியாத ஓட்டை

ஆர்டர் வரவில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே தோட்டத்துக்குப் போனேன். ஷெட்டில் வரிசையாகப் புதிதாக வாங்கிய சைக்கிள்கள். எல்லாவற்றிலும் என் ஸ்டாண்டு. ஆனால் நான் பூசியது கறுப்பு, இவை நல்ல நீலம்.

தவுக்கே ஒளிக்கவில்லை. சந்தோஷமாகவே சொன்னார்.

"ஒங்க ஸ்டாண்டு ரொம்ப நல்லா இருக்கு லா. அதனால ஒண்ணு எடுத்து கீழ என் மச்சான் கடைக்கு அனுப்பினேன். அவன்கிட்ட மெஷின் இருக்கு. சப்புனு அடிச்சிடறான்."

குனிந்து பார்த்தேன். இடது காலின் மேல் பகுதியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்கு ஒரு வேலையும் கிடையாது. துளைகளுக்கு இடம் குறிக்கிற அளவு பலகையில் நான் முதல் நாள் தப்பாக ஒரு துளை போட்டுவிட்டேன். பலகையை மாற்றச் சோம்பல்பட்டு, நாற்பது ஸ்டாண்டிலும் அதே தப்பை ஒழுங்காகப் போட்டேன். மெஷின் வைத்திருந்த மச்சானும் அதை அச்சு மாறாமல் போட்டிருந்தார்.

"இது எதுக்கு, தவுக்கே?" என்று கேட்டேன்.

"மழத்தண்ணி எறங்கத்தானே? நல்ல ஐடியா லா" என்றார்.

ஆமாம் என்றேன்.

கோபம் பிறகுதான் வந்தது. மச்சான் மலை முழுக்க விற்ற நீல ஸ்டாண்டு மெல்லிய தகடு. ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. உடைந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஆட்கள் என் கொட்டகைக்கு வந்தார்கள். "ஒங்க ஸ்டாண்டு ஒடஞ்சி போச்சி" என்றார்கள். நான் செய்ததில்லை என்று சொன்னால் நம்பவில்லை. "நீங்கதானே இத மொதல்ல செஞ்சது?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஒரு வாரம் எல்லாரையும் விரட்டினேன்.

அஞ்சலை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டு வந்தவள் இதைப் பார்த்தாள்.

"ஒடஞ்சத எடுத்துக்கிட்டு ஒங்களத் தேடி வர்றாங்க. நீங்க வெரட்டறீங்க. வேல இல்லன்னு நேத்து யாரு சொன்னது?"

அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் கொட்டகை ஓடியது அந்த நீல ஸ்டாண்டுகளால்தான். நான் கண்டுபிடித்ததை அவர்கள் செய்தார்கள். அவர்கள் செய்ததை நான் ஒட்டினேன். வேலை இரண்டு பக்கமும் சரியாகப் பிரிந்திருந்தது.

எண்பதுகளில் எல்லாரும் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். பெருமாள் அண்ணனும் வாங்கினார். முதல் நாளே கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "பாத்துக்க, புது மோட்டாரு. பிரேக்கெல்லாம் கம்பெனியிலயே போட்டுட்டான். நீ ஒண்ணும் செஞ்சிடாத." அவர் தோள்பட்டை மழைக்காலத்தில் வலிக்கும் என்று அவர் வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் என்னிடம் கடைசி வரை சொன்னதில்லை.

7. மூன்றாவது பட்டை

கொட்டகையை மூடிவிட்டுத் திரும்ப ஃபேக்டரிக்கே வேலைக்குப் போனேன். வேறு துரை. கொழுந்துக் கூடையின் பட்டை அடிக்கடி அறுந்து போகிறது, பலமாக ஏதாவது செய் என்றார். பழைய மாணிக்கமாக இருந்தால் அன்றைக்கே அளவெடுத்திருப்பேன். இப்போது எனக்கு அனுபவம் இருக்கிறது அல்லவா! "ஒரு நாள் தூக்கிப் பாத்துட்டுத்தாங்க துரை செய்வேன்" என்று பெருமையாகச் சொன்னேன். துரைக்கும் பிடித்துவிட்டது.

மறுநாள் அஞ்சலை கொழுந்தெடுக்கிற செடி நிரையில் அவள் கூடையை மாட்டிக்கொண்டு நின்றேன். பாதி நாள்தான். ஈரக் கொழுந்து ஏற ஏறப் பட்டை தோளில் இறங்கி அறுத்தது. கழுத்து திரும்பவில்லை. சரிவில் கால் வைத்தால் கூடை என்னைப் பின்னால் இழுத்தது. மத்தியானம் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்து, என்னையறியாமல் கேட்டேன்: "ஒனக்குத் தினமும் இப்படியா வலிக்குது?"

அஞ்சலை எடை எழுதிய பில்லைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, "டிரெஸருக்குச் செஞ்சீங்க. ரொட்டிக்காரருக்குச் செஞ்சீங்க. தவுக்கேக்குச் செஞ்சீங்க. இருவது வருசமா இத நான் தூக்கறேன். இன்னிக்கித்தான் கேக்கறீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

டிரையரில் கழித்துப் போட்ட கேன்வாஸில் அகலமாக ஒரு பட்டை தைத்தேன். மூன்று நாள் போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். மழையில் நனைந்தால் கனக்கிறது என்றாள். இரண்டாவதை மெல்லியதாகச் செய்தேன். ஒரு வாரத்தில் அதுவும் வந்தது. தோளில் நிற்காமல் சரிகிறது என்றாள். இந்த முறை எங்கே சரிகிறது என்று அவள் தோளில் விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். சட்டையை விலக்கிக் காட்டினாள். அந்த இடத்தில் தோல் கறுத்து, தடித்து, பட்டையின் அளவுக்கே ஒரு தழும்பு இருந்தது. எத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்! அளவு எடுத்துக்கொண்டேன்.

வொர்க்‌ஷாப் வைக்கப் போகிற பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து, இதிலெல்லாம் கற்ற பாடம் என்ன என்று கேட்கிறார்கள். லேத்தில் கை வைக்கும் முன்னால், அந்தப் பொருளைத் தூக்குகிறவர்களிடம் போய்க் கேளுங்கள். அதிலும் முதலில் வீட்டில் இருக்கிறவர்களைக் கேளுங்கள். நான் கடைசியாகத்தான் கேட்டேன்.

மூன்றாவது பட்டையை அஞ்சலை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. திருப்பித் தரவும் இல்லை. நான் செய்த பொருளில் திரும்பி வராதது அது ஒன்றுதான்.